சொந்தங்களுக்கு யார் சொல்வது?

2009 நவம்பரில், லண்டனில் மருத்துவக் காவலில் இருந்த ஒருவருக்கு ஹன்டிங்டன் நோய் இருப்பது உறுதியானது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மனைவியைச் சுட்டுக் கொன்றவர் அவர். மனநிலை குன்றிய நிலையில் நேர்ந்த கொலை என்று நீதிமன்றம் ஏற்றிருந்தது. மூளையைச் சிறுகச் சிறுக அழிக்கும் இந்த நோய் தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவருடைய மகள் அப்போது கர்ப்பமாக இருந்தார். தந்தைக்காக அந்த மருத்துவமனை நடத்திய குடும்ப ஆலோசனைகளுக்கும் வந்துகொண்டிருந்தார். மகள்களிடம் சொல்லிவிடலாமா என்று மருத்துவர்கள் கேட்டபோது தந்தை மறுத்துவிட்டார். தெரிந்தால் உயிரை மாய்த்துக்கொள்வார்கள், கருவைக் கலைத்துவிடுவார்கள் என்று பயந்தார். மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிப் பார்த்துவிட்டு, நோயாளியின் ரகசியத்தைக் காப்பது என்று முடிவெடுத்தார்கள். 2010 ஏப்ரலில் குழந்தை பிறந்தது. ஆகஸ்டில் ஒரு மருத்துவர் வாய் தவறிச் சொன்னதில்தான் மகளுக்கு விஷயம் தெரிந்தது. 2013-ல் பரிசோதித்தபோது அவருக்கும் அந்த மரபணுக் கோளாறு இருந்தது.

அந்தப் பெண் வழக்குத் தொடுத்தார். 2020 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில் அவர் தோற்றார். ஆனால், தோற்ற வழக்கிலும் சட்டம் ஓர் அடி முன்னே நகர்ந்தது. மரபுவழி நோய் விஷயத்தில் மருத்துவர் தன் நோயாளியின் ரகசியத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஆபத்தில் இருக்கும் ரத்த உறவின் நலனையும் அதோடு வைத்து எடைபோட வேண்டிய கடமை உண்டு என்று நீதிபதி ஏற்றார். இந்த வழக்கில் மருத்துவர்கள் அப்படி எடைபோட்டதில் தவறில்லை என்றும் சொன்னார். பரம்பரை நோயோடு வாழும் குடும்பங்களின் துயரத்தில் பேசப்படாமலே போகும் பகுதி இதுதான். பரிசோதனை அறிக்கையில் ஒருவர் பெயர் இருக்கும். அதில் எழுதியிருப்பதோ பத்து இருபது பேரைப் பற்றியது. நம் ஊர் மருத்துவமனைகளில் அந்த ஒருவரிடம் அறிக்கையைக் கொடுத்து, “வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்” என்ற ஒரு வாக்கியத்தோடு அனுப்பிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. அந்த வாக்கியம் கூடச் சொல்லப்படாத இடங்கள் உண்டு. உறவினருக்குச் சேதி சொல்லும் பொறுப்பை நோயாளியின் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். அதில் மருத்துவத் துறை பங்கெடுத்தாக வேண்டும். இந்தக் கட்டுரை வாதிட வருவது இவ்வளவே.

இது வெறும் நெறிமுறைப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். தலசீமியாவை எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை ரத்தம் ஏற்றினால்தான் குழந்தை உயிர்வாழும் என்ற நிலைக்குக் கொண்டுபோகும் நோய் அது. இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குழந்தைகளாவது இதோடு பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. தாய், தந்தை இருவருமே கேரியராக, அதாவது நோய் இல்லாமல் கோளாறான மரபணுவை மட்டும் சுமப்பவராக இருந்தால் மட்டுமே குழந்தைக்கு நோய் வரும். அப்போதும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. கேரியராக இருப்பவருக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் இருக்காது, அதனால் தெரியவும் தெரியாது. ஒரு குழந்தைக்குத் தலசீமியா என்று கண்டுபிடித்துவிட்டால், அதன் சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி ஒவ்வொருவரும் கேரியராக இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இப்போது நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பமாக இருந்தால், அந்தக் குழந்தையின் அத்தையும் மாமாவும் கணவன் மனைவியாக இருப்பார்கள். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பதினாறில் ஒரு பங்கு ஆபத்து. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளக்கூடிய இந்த விஷயத்தை அவர்களிடம் சொல்வது யார் வேலை?

பாகிஸ்தானில் செய்யப்பட்டு 2002-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு அருமையான சான்று. அங்கேயும் உறவுக்குள் திருமணம் அதிகம். ரத்த மரபணுக் கோளாறு உள்ள குழந்தை இருக்கும் பத்துப் பெரிய குடும்பங்களில் 591 பேரைப் பரிசோதித்தார்கள். 183 பேர் கேரியர்கள். அப்படிக் குழந்தை இல்லாத ஐந்து குடும்பங்களில் 397 பேரைப் பரிசோதித்தார்கள், ஒருவர்கூட இல்லை. ஊரையே வரிசையில் நிறுத்திப் பரிசோதிக்கத் தேவையில்லை, நோயுள்ள குழந்தையின் உறவு வழியே போனால் ஆபத்து எங்கே குவிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இத்தாலியின் சார்டினியா தீவில் அந்தோனியோ காவோ என்ற குழந்தை மருத்துவர் 1970-களில் தொடங்கிய தலசீமியா திட்டமும் இதே வழியில்தான் போனது. மக்கள்தொகையில் 11 சதவீதம் பேரைப் பரிசோதித்ததிலேயே, ஆபத்தில் இருப்பார்கள் என்று கணக்கிடப்பட்ட தம்பதிகளில் 90 சதவீதத்தினரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பணம் குறைவாக உள்ள நாட்டுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஆனால், இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உறவுகளுக்குச் சேதி போய்ச் சேர வேண்டும்.

அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது. மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுப் பிறழ்வு கண்டுபிடிக்கப்பட்ட குடும்பங்களை மேலை நாடுகளில் பலமுறை ஆராய்ந்திருக்கிறார்கள். தெரிவிக்கும் பொறுப்பை நோயாளியிடம் விட்டால், ஆபத்தில் உள்ள உறவினர்களில் பாதிப்பேர்கூடப் பரிசோதனைக்கு வருவதில்லை. மருத்துவமனையே தொடர்புகொண்டால் வருபவர்கள் கணிசமாகக் கூடுகிறார்கள். படித்தவர்கள், காப்பீடு உள்ளவர்கள், ஏஞ்சலினா ஜோலி 2013-ல் தன் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியதைப் படித்தவர்கள் வாழும் ஊர்களிலேயே இந்த நிலை. காரணம் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் ஒரு பெண், தன் மரணத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும் அதே வாரத்தில், பேச்சுவார்த்தை அறுந்துபோன தங்கையைக் கூப்பிட்டு மரபணுவைப் பற்றி விளக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவருக்கே அது அரைகுறையாகத்தான் புரிந்திருக்கும். தங்கை கேட்கும் முதல் கேள்விக்கே அவரிடம் பதில் இருக்காது.

நம் குடும்பங்களில் இந்தச் சுமை இன்னும் கனமானது. அதைத் தூக்குபவர் பெரும்பாலும் குழந்தையின் தாய். ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபீலியாவும், டுஷேன் தசைச்சிதைவும் தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருபவை என்று மருத்துவர் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். “உன் வீட்டிலிருந்து கொண்டுவந்த வியாதி” என்ற பேச்சு புகுந்த வீட்டில் தொடங்கிவிடும். ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு இந்த நோய்கள் குடும்பத்தில் முன்பு இல்லாமல் புதிதாகவே தோன்றுகின்றன என்பதை அந்த வீட்டில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பழி ஒரு பக்கம் என்றால் கல்யாணம் இன்னொரு பக்கம். வீட்டில் கல்யாணம் ஆகாத பெண் இருக்கும்வரை, அவள் அண்ணனுடைய நோய்க்குப் பெயர் வைக்க மாட்டார்கள். நரம்புத் தளர்ச்சி என்பார்கள், ரத்தக் குறைவு என்பார்கள், தோஷம் என்று கோயில் கோயிலாகப் போவார்கள். கடைசிப் பெண்ணுக்குத் தாலி ஏறிய பிறகுதான் உண்மைப் பெயர் வெளியே வரும், சில வீடுகளில் அப்போதும் வராது. இப்படி மறைப்பவர்களை அறியாமையில் கிடப்பவர்கள் என்று ஏசுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோவதை அந்தத் தெருவே பார்க்கும். பெண்ணின் வாழ்க்கைக்கு உத்தரவாதம் தராத ஊரில் பெற்றோர் எடுக்கும் முடிவு அது. விளைவுதான் கொடுமை. ஹீமோபீலியா குழந்தையின் சித்தி பிரசவத்துக்குப் போகிறாள். அவள் கேரியரா என்று மகப்பேறு மருத்துவருக்குத் தெரியாது. ஆயுதம் போட்டுக் குழந்தையை வெளியே எடுக்கிறார்கள். பிறந்த ஆண் குழந்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படுகிறது. முன்பே தெரிந்திருந்தால் பிரசவ முறையை மாற்றித் தவிர்த்திருக்கக்கூடிய ஆபத்து அது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, ஆழமானது: தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் மனிதருக்கு உரிமை உண்டு. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஹன்டிங்டன் நோயின் வரலாறே இதற்குச் சாட்சி. 1993-ல் அந்த மரபணு கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு, பரிசோதனை வந்தால் செய்துகொள்வீர்களா என்று ஆபத்தில் இருப்பவர்களிடம் கேட்டபோது, பெரும்பாலானோர் செய்துகொள்வோம் என்றார்கள். பரிசோதனை வந்த பிறகு முன்வந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. நோயைத் தடுக்க மருந்து இல்லாதபோது, நாற்பது வயதில் என்ன காத்திருக்கிறது என்று இருபது வயதில் தெரிந்துகொள்வதில் பலருக்கு விருப்பமில்லை. நான்சி வெக்ஸ்லரைவிட இதற்குப் பெரிய உதாரணம் தேவையில்லை. தாயை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர்; வெனிசுவேலாவின் மராகைபோ ஏரிக்கரைக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் ரத்த மாதிரி சேகரித்தவர். நோய்க்கான மரபணு நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்று 1983-ல் தெரியவந்ததற்கும் பத்தாண்டுகள் கழித்து அந்த மரபணுவே பிடிபட்டதற்கும் அவருடைய உழைப்பு அடித்தளம். பரிசோதனைக்கு வழி திறந்த அவர் தனக்கு அதைச் செய்துகொண்டாரா என்பதை ஆண்டுக்கணக்கில் தன்னோடு வைத்துக்கொண்டார். தனக்கும் அந்த நோய் இருக்கிறது என்பதை 2020-ல்தான் வெளியே சொன்னார்.

ஆனால், இந்த வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் ஒன்று தெரியும். வெக்ஸ்லருக்கும், பரிசோதனை வேண்டாம் என்றவர்களுக்கும் தங்கள் குடும்பத்தில் இந்த நோய் இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. அது தெரிந்ததால்தான் பரிசோதனையை மறுக்க முடிந்தது. லண்டன் மகளுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை; அவர் சார்பில் தந்தையும் மருத்துவர்களும் முடிவெடுத்தார்கள். “உங்கள் குடும்பத்தில் ஒரு மரபணுக் கோளாறு இருக்கிறது, விரும்பினால் வந்து பேசுங்கள்” என்று சொல்வது ஒன்று, “உங்களுக்கு அந்த நோய் வரும்” என்று சொல்வது வேறு. முதலாவது தகவல் இல்லாவிட்டால் தெரிந்துகொள்ளும் உரிமையும் இல்லை, தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையும் இல்லை. தவிர, ஹன்டிங்டன் போல மருந்தற்ற நோயை முன்னால் நிறுத்தி எல்லா மரபுவழி நோய்களையும் பார்ப்பது பெரும் தவறு. வில்சன் நோயில் உடம்பில் செம்பு சேர்ந்து கல்லீரலையும் மூளையையும் கெடுக்கும். நோயுள்ள பிள்ளையின் உடன்பிறந்தவர்களுக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. 1956 முதலே இதற்கு மாத்திரை உண்டு. அறிகுறி தோன்றும் முன்பே தொடங்கினால் நோய் தலைகாட்டாமலே வைத்திருக்க முடியும். அண்ணன் பேச்சுக் குழறி, கை நடுங்கி மருத்துவமனைக்கு வந்தபோதே தம்பியையும் பரிசோதித்திருந்தால் தம்பி நடமாடிக்கொண்டிருப்பான். இங்கே மௌனத்துக்கு எந்த நியாயமும் இல்லை.

பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ரால் இன்னொரு உதாரணம். இளம் வயதிலேயே மாரடைப்பில் ஆண்கள் போய்விடும் குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். “அந்த வீட்டு ஆண்களுக்கு ஆயுசு கம்மி” என்று ஊர் சொல்லும். அவற்றில் ஒரு பகுதி ஒற்றை மரபணுக் கோளாறு; தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வரும்; ஸ்டாட்டின் மாத்திரையால் கட்டுப்படும். நெதர்லாந்து 1994-ல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள், இந்தக் கோளாறு உள்ளவர்களின் உறவினரைத் தேடிப் போகும் திட்டத்தை அரசுச் செலவில் நடத்தியது. நோயாளி சம்மதித்துப் பெயர் தந்தால், பயிற்சி பெற்ற செவிலியர் உறவினர் வீட்டுக்கே போய் விளக்கி, ரத்தம் எடுத்து வருவார். இப்படி இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு உண்டா இல்லையா என்பதை நம்பி அந்தத் திட்டம் நிற்கவில்லை. கதவைத் தட்டியவர் செவிலியர். அதுதான் வேறுபாடு.

இரண்டாவது எதிர்வாதம் ரகசியம் பற்றியது. நோயாளி வேண்டாம் என்றால் மருத்துவர் எப்படிச் சொல்ல முடியும்? முதலில், வேண்டாம் என்பவர்கள் மிகச் சிலரே. சொல்லத் தெரியாதவர்கள், சொல்லத் தயங்குபவர்கள், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போடுபவர்கள்தான் மிகப் பலர். பிரான்சு 2011-ல் கொண்டுவந்த சட்டம் இந்தப் பெரும்பான்மைக்காக எழுதப்பட்டது. மரபணுப் பரிசோதனைக்கு முன்பே நோயாளியிடம் விளக்கிவிடுகிறார்கள்: தடுக்கவோ சிகிச்சை தரவோ முடிந்த கோளாறு தெரியவந்தால் உறவினருக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, நீங்களே சொல்ல விரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் ஒப்படைத்துவிடலாம், உங்கள் பெயரைச் சொல்லாமல் அவர் கடிதம் எழுதுவார். ஆஸ்திரேலியா 2006-ல் இன்னும் ஓர் அடி போய், உறவினரின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் ஆபத்து என்றால் நோயாளி சம்மதிக்காவிட்டாலும் மருத்துவர் சொல்லச் சட்டத்தில் இடம் கொடுத்தது. கட்டாயம் என்று சொல்லவில்லை, அனுமதி என்றது. என் நிலை பிரான்சுக்கு நெருக்கமானது. சம்மதத்தை முன்கூட்டியே கேட்க வேண்டும், சொல்லும் வேலையை மருத்துவமனை தன் கையில் எடுக்க வேண்டும். சம்மதமின்றிச் சொல்வது, வில்சன் நோய்போலச் சிகிச்சை கைவசம் உள்ளவற்றுக்கு மட்டும், எல்லா முயற்சியும் தோற்ற பிறகு.

இது இந்தியாவுக்கு ஒத்துவராத வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்பவர்கள் நம் சொந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமன் வழிநடத்திய ஆய்வு அது. அந்த நோயைச் சுற்றி இருந்த அவமானம் எந்த மரபுவழி நோய்க்கும் குறைந்ததல்ல, பல மடங்கு அதிகம். இருந்தும் தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையங்கள் வந்தன. ஆலோசகர் என்ற வேலை உருவானது. பரிசோதனைக்கு முன்பும் பின்பும் தனியறையில் உட்கார்ந்து பேசுவது வழக்கமானது. 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எச்ஐவி சட்டம், பாதிக்கப்பட்டவரை வேலையிலும் கல்வியிலும் சிகிச்சையிலும் ஒதுக்குவதைத் தடைசெய்தது. வாழ்க்கைத் துணைக்குத் தெரிவிப்பது பற்றியும் அதே சட்டம் பேசுகிறது: முதலில் நோயாளியே சொல்ல ஆலோசனை தர வேண்டும், அவர் சொல்லமாட்டார், துணைக்கு ஆபத்து என்று உறுதியானால், நோயாளிக்கு அறிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ நேரில் சொல்லலாம். சொல்வதால் ஒரு பெண் அடிபடவோ கைவிடப்படவோ நேருமென்றால் என்ன செய்வது என்பதையும் அந்தச் சட்டம் யோசித்திருக்கிறது. ரகசியம், உறவின் உயிர், பெண்ணின் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் ஒரே சட்டத்தில் வைத்து யோசிக்க நமக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சான்று. மரபுவழி நோய்களுக்கு அப்படி யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது எதிர்வாதம்தான் பெற்றோருக்கு உறைக்கும்: சேதி பரவினால் எங்கள் பிள்ளைகளுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிரீஸில் ஓர்கோமெனோஸ் என்ற ஊரில் 1960-களில் அரிவாள்செல் ரத்தசோகைக்கான கேரியர்களைக் கண்டறிந்து, இருவரும் கேரியராக உள்ள திருமணத்தைத் தவிருங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, கேரியர்களை ஊர் ஒதுக்கத் தொடங்கியிருந்தது. அதனால் அவர்கள் மறைக்கத் தொடங்கியிருந்தார்கள். இரு கேரியர்கள் மணந்துகொள்வதும் குறையவில்லை. பரிசோதனையை மட்டும் கொடுத்து, புரிதலைக் கொடுக்காமல் விட்டதன் பலன். சைப்ரஸ் வேறு வழியில் போனது. அங்கே ஏழு பேரில் ஒருவர் தலசீமியா கேரியர். திருமணத்துக்கு முன் பரிசோதித்து, ஆலோசனை பெற்றதற்கான சான்றிதழை 1983 முதல் திருச்சபையே கேட்டது. திருமணம் கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு வாருங்கள் என்றது. இரண்டு பேரும் கேரியர் என்று தெரிந்த ஜோடிகளில் பிரிந்துபோனவர்கள் மிகக் குறைவு. கர்ப்ப காலத்தில் பரிசோதித்து முடிவெடுத்தார்கள். தலசீமியாவுடன் குழந்தை பிறப்பது அங்கே அனேகமாக நின்றுபோனது. எல்லோரையும் பரிசோதித்ததால் யாரும் தனியாகக் குறிவைக்கப்படவில்லை.

யூத சமூகத்தில் டே-சாக்ஸ் என்ற மரபுவழி நோய்க்கு நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஜோசப் எக்ஸ்டீன் என்ற மதகுரு, 1983-ல் தோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்கள் ரத்தம் கொடுத்து ஓர் எண்ணை மட்டும் பெற்றுக்கொள்வார்கள். வரன் பேசும்போது இரண்டு எண்களையும் சொன்னால், பொருந்தும் அல்லது பொருந்தாது என்று பதில் வரும். யார் கேரியர் என்பது சம்பந்தப்பட்டவருக்கும் தெரியாது. கல்யாணச் சந்தையின் கொடுமையை நன்றாகப் புரிந்துகொண்ட ஏற்பாடு, பல குழந்தைகளின் துன்பத்தைத் தடுத்த ஏற்பாடு. பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணமே வழக்கமான நம் ஊருக்குப் பொருந்தும் என்றுகூடத் தோன்றும். ஆனாலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவருடைய உடம்பைப் பற்றிய உண்மையை அவரிடமே சொல்லாமல் வைப்பது, கேரியராக இருப்பது அவமானம் என்பதை ஒப்புக்கொள்வதாகும். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இப்படிச் சில மரபணுக் கோளாறுகள் மறைந்தே கிடக்கின்றன. கேரியர் அல்லாத மனிதர் என்று யாரும் இல்லை. இதைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் பத்தாம் வகுப்பிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய அரிவாள்செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டம், பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து அட்டை கொடுப்பதை இலக்காக வைத்தது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது 1952-ல், நம் நீலகிரிப் பழங்குடிகளிடம். அட்டையோடு போதுமான பேச்சும் போகவில்லை என்றால் ஓர்கோமெனோஸ் கதை அந்த மலையிலும் நடக்கும்.

எல்லாவற்றுக்கும் சொந்தத்தில் கல்யாணம் செய்வதுதான் காரணம், அதை நிறுத்தினால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் உறவுக்குள் நடக்கிறது என்பது தேசியக் குடும்பநல ஆய்வு காட்டும் உண்மை. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தைவிடத் தாய்மாமன் திருமணத்தில் ஆபத்து கூடுதல் என்பதும் உண்மை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, பெற்றோர் நெருங்கிய உறவாக இருந்தால் பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு சுமார் 3 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகிறது என்று 2013-ல் காட்டியது. இரட்டிப்புதான். அப்போதும் நூற்றில் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் குறைபாடின்றிப் பிறக்கின்றன. உறவுத் திருமணம் குறைவது நல்லது, குறைந்தும் வருகிறது. ஆனால், சொந்தம் வேண்டாம் என்று விலகிப்போய் அதே சாதிக்குள் பெண் எடுத்தால் மரபணு அவ்வளவாக விலகிவிடாது. வைசியர் சமூகத்தில் அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது தரும் ஒரு வகைத் தசைத் தளர்வு மருந்து சிலருக்கு உடம்பில் முறியாமல் தங்கி, மூச்சு திரும்பத் தாமதமாகும் கோளாறு தொன்றுதொட்டு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணந்ததன் தடம் அது. குடும்பத்தில் ஒருவருக்கு அப்படி நேர்ந்ததென்றால் உறவினர் அனைவரும் மயக்க மருந்து நிபுணரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். யாரை மணப்பது என்ற கேள்விக்கு என்ன பதில் கிடைத்தாலும், உறவுக்குச் சேதி சொல்லும் தேவை அப்படியே நிற்கிறது.

காப்பீடு பற்றிய பயமும் நியாயமானது. மரபுவழி இதயத்தசை நோய் இருந்தவருக்கு இழப்பீட்டை மறுத்த வழக்கில், மரபணுக் கோளாறு என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லி ஒதுக்குவது அரசமைப்புச் சட்டம் தரும் சமத்துவத்துக்கு எதிரானது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னது. அமெரிக்காவில் 2008 முதல் இதற்கென்றே சட்டம் உண்டு; அதுவும் ஆயுள் காப்பீட்டைத் தொடாமல் விட்ட அரைகுறைச் சட்டம். இந்தியாவுக்கு எச்ஐவி சட்டத்தின் அச்சில் ஒரு முழுமையான சட்டம் வேண்டும். உறவினரை அழைத்துப் பரிசோதித்துவிட்டு, பிறகு அவர்களைக் காப்பீட்டு நிறுவனத்திடமும் வேலை கொடுப்பவரிடமும் நிராதரவாக விடுவது துரோகம்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் உண்டு. தலசீமியா, ஹீமோபீலியா, வில்சன் நோய், டுஷேன் தசைச்சிதைவு ஆகிய நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடங்கலாம். நோய் உறுதியாகும் நாளிலேயே குடும்ப மரத்தை வரைந்துவிட வேண்டும். எந்த உறவினருக்குச் சேதி போக வேண்டும், அதை நீங்கள் சொல்கிறீர்களா, நாங்கள் சொல்லட்டுமா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். நல்ல தமிழில், ஒரே பக்கத்தில், யாரையும் குற்றம் சாட்டாத ஒரு கடிதம் தயாராக இருக்க வேண்டும். நோயின் பெயர், அது யார் பாவமும் அல்ல என்ற ஒரு வரி, எந்தப் பரிசோதனையை எங்கே இலவசமாகச் செய்துகொள்ளலாம், யாரிடம் பேசலாம் என்ற விவரம், இவ்வளவு போதும். வீட்டுக்குப் போய்ப் பேச, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஏற்கெனவே படியேறும் பெண்கள் இருக்கிறார்கள்; அவர்களில் சிலருக்கு இதற்கென்று பயிற்சி தர முடியும். மரபணு ஆலோசகர்கள் போதுமான அளவு இல்லை என்பது உண்மைதான். எச்ஐவி ஆலோசகர்களும் ஒரு காலத்தில் இல்லை, உருவாக்கினோம். தலசீமியா குழந்தைகள் ஒவ்வொரு மாதமும் ரத்தம் ஏற்றிக்கொள்ள அதே வார்டுக்கு வருகிறார்கள், பெற்றோரும் மணிக்கணக்கில் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி விவரம் கேட்டு எழுத ஓர் ஆலோசகரை அந்த வார்டில் நியமிக்கச் சுகாதாரத் துறைக்கு ஓர் அரசாணை போதும். இந்த நிதியாண்டிலேயே அதைப் பிறப்பிக்க வேண்டும்.